காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு சட்டம்

கண்ணு,

போனில் பேசினால் நம் இருவருக்கும் உடனே குரல் ஏறிவிடுகிறது. நீ "ம்மா, உனுக்குப் புரியாது" என்பாய். நான் "எனுக்குப் புரியாமத்தான் இந்தக் கட்டடம் எழும்புச்சா?" என்பேன். அதோடு பேச்சு முடிந்துவிடும். அதனால் எழுதுகிறேன். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது; அந்த வசதி எனக்குப் பிடித்திருக்கிறது. இதை நீ ஒளித்துவைத்துப் படிக்க வேண்டியதில்லை. நீ பேசியது விடுதி நடத்துகிற எல்லாரும் உட்கார்ந்திருந்த மண்டபத்தில். பதிலும் அவர்கள் கண்ணில் படட்டும் என்று விடுதிக்காரர்கள் சங்கத்து மலருக்கும் இதையே கொடுக்கிறேன். இதில் ஒரு பெண்ணைப் பற்றி எழுத வேண்டியிருந்தது. அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "என் பேரைப் போடாதீக, முத்துலட்சுமின்னு போடுங்க. எனக்கு அந்தப் பேரு சின்னதுலயே ஆசை" என்றாள். ஆகவே அவள் முத்துலட்சுமி.

அடுத்த மாதம் விடுதி உன் பெயருக்கு மாறுகிறது. மேல்மாடிக்கு வர மாட்டேன் என்று என் முட்டி சொல்லிவிட்டது. நீயும் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்கிறாய். சந்தோஷம். ராயக்கோட்டை மண்டியில் தக்காளிப் பெட்டி தூக்கினேன், தொழிற்பேட்டை வாசலில் கேரியர் சாப்பாடு விற்றேன். அங்கே சாப்பிட வந்த பெண்களில் சிலர் "அக்கா, தங்க ஒரு எடம் பாத்துக் குடுங்க" என்று கேட்டபோது, ஒரு வாடகை வீட்டைப் பிடித்து அவர்களைத் தங்கவைத்தேன். அங்கிருந்து வளர்ந்த இடம் இது. வேறு யாரிடமும் கொடுக்க மனம் வராது, உன்னிடம் வரும். ஆனால் சரக்கைக் கைமாற்றும்போது அதில் எங்கே அழுகல் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் தள்ளிவிடுகிறவன் ஒரு முறைதான் வியாபாரம் செய்வான்.

சங்கக் கூட்டம் நடந்த அன்றைக்குக் காலையில் நீ பேசியது எனக்குப் பிடித்திருந்தது. விடுதிகளையெல்லாம் அரசாங்கத்தில் பதிவு செய்ய வேண்டும், சமையலறையைப் பார்க்க வருவார்கள், மாடிப்படியை அளப்பார்கள் என்று பேச்சு அடிபட்டு எல்லாரும் கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தோம். நீ மைக்கைப் பிடித்து, "எங்க எடம், எங்க உழைப்பு. உள்ள வந்து எட்டிப் பாக்குறதுக்கு யாருக்கு இன்னா உரிமை?" என்று கேட்டாய். ஒரே கைதட்டல். என் பக்கத்தில் இருந்தவர் "உங்க பையனாம்மா?" என்று கேட்டார், நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஆமாம் என்றேன். பிறகு சாப்பாடு, பாயசம். மாலையில் அதே மைக், அதே நீ. விடுதியில் தங்குகிற பெண்கள் கர்ப்பம் இல்லை என்று பரிசோதனை செய்து, டாக்டர் கையெழுத்தோடு வந்தால்தான் இடம் என்று எல்லாரும் ஒரே மாதிரி சட்டம் வைக்க வேண்டும் என்றாய். "நிர்வாகத்துக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றாய். அதற்கும் கைதட்டல், காலையில் தட்டிய அதே கைகள். ஒருவருக்கும் உறுத்தவில்லை. எனக்கே வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் உறுத்தியது. கட்டடத்துக்குள் எட்டிப் பார்க்காதே என்று காலையில் சொன்னவன், மாலையில் வயிற்றுக்குள் எட்டிப் பார்ப்பேன் என்கிறானே.

உன் உடம்பு விஷயத்தில் நீ எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியாதா? அத்திப்பள்ளிக்கு என்னை வண்டியில் கூட்டிக்கொண்டு போவாயே, ஓசூரில் இருந்து ஹெல்மெட் உன் முழங்கையில்தான் தொங்கிக்கொண்டு வரும். கர்நாடக எல்லையில் ஜூஜுவாடி வந்ததும் ஓரம் கட்டுவாய். அங்கே பார்த்தால் உன்னைப் போலவே வரிசையாக நிறுத்தி, கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி பக்தியாக எல்லாரும் தலையில் மாட்டிக்கொண்டிருப்பார்கள். எல்லை தாண்டினால் பிடிப்பார்கள் என்கிற பயம். "ஏன்டா, இந்தப் பக்கத்துத் தார் ரோடு மெத்தையா?" என்று ஒரு தடவை ஓசூரிலேயே கேட்டேன். "தலை என்னோடதும்மா. உடைஞ்சா எனுக்குத்தான் உடையும்" என்றாய். "ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்து அழுறது நானில்ல பாரு" என்றேன். நீ சிரித்தாய், மாட்டவில்லை. கொரோனா ஊசி வந்தபோதும் அதுதான். ஊரே வரிசையில் நின்றது. நீ மட்டும், "என் உடம்புக்குள்ள எது போகணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டாய். எனக்கு ஆத்திரம். ஆனாலும் நாலு பேரை வைத்துப் பிடித்துக் கட்டி உனக்கு ஊசி போடச் சொல்லவில்லை. என் பிள்ளையாகவே இருந்தாலும் உன் கைச் சதை உன்னுடையது என்று எங்கேயோ எனக்குத் தெரிந்திருந்தது.

இப்போது நம் விடுதியில் தங்கியிருக்கிற முத்துலட்சுமி விஷயத்துக்கு வருகிறேன். மண்டபத்தில் பேசிய கையோடு நீ விடுதிக்குப் போய் உன் சட்டத்தை எழுதி நோட்டீஸ் பலகையில் மாட்டிவிட்டாய். அடுத்து வார்டன் ராஜம்மா உன் காதில் ஒன்றைப் போட்டாள். நாப்கின் பாக்கெட்டை மொத்தமாக வாங்கி, ராஜம்மா அறையில் வைத்து, கேட்கிறவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கச் சொன்னது நான்தான். கடையில் அந்தப் பிள்ளைகள் செலவு செய்ய வேண்டாமே என்று நினைத்தேன். இந்த ஊரில் வேறு எந்த விடுதியிலும் இல்லாத வசதி என்று பெருமையாகச் சொல்லியும் திரிந்தேன். ஆனால் வந்து கேட்டு வாங்குகிற இடத்தில், யார் வந்தார்கள் என்று கொடுக்கிறவளுக்குத் தெரியும். யார் வரவில்லை என்றும் தெரியும். அது எனக்குத் தோன்றவே இல்லை. முத்துலட்சுமி கொஞ்ச நாளாக வந்து கேட்கவில்லை என்று ராஜம்மா உன்னிடம் சொன்னாள். நீ அவளிடம், வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் டெஸ்ட் எடுத்துக்கொண்டு வா, இல்லையென்றால் இடத்தைக் காலி செய் என்று சொல்லிவிட்டாய். விடுதி வாசலுக்கு வருகிற கம்பெனி பஸ்ஸை நம்பித்தான் அவள் வேலை. அவளுக்கு இந்த ஊரில் வேறு யாரும் இல்லை. இடம் போனால் வேலையும் போகும், தூத்துக்குடிப் பக்கத்தில் இருக்கிற வீட்டுக்கு அவள் அனுப்புகிற பணமும் நிற்கும். நீ இதையெல்லாம் யோசித்திருக்க மாட்டாய். நான் நாப்கினை அங்கே வைத்தபோது யோசிக்காத மாதிரிதான்.

அவள் என்னிடம் வந்தாள். அழுதுகொண்டு வருவாள் என்று எதிர்பார்த்தேன். இல்லை, ஷிப்ட் முடிந்து, கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றாமல் நேராக வந்து நின்றாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். வாடகைல நான் பாக்கி வச்சிருக்கேனா?"

"இல்ல."

"எவளோடயாவது சண்டை கிண்டை போட்டேனா?"

"இல்லம்மா."

"பெறவு என்னத்துக்கு என் வயித்தைக் காட்டணுங்கேன்? நான் கடைல வாங்கியிருப்பேன், ஒடம்பு சொகமில்லாம தள்ளிப் போயிருக்கும், இல்ல வேற என்னமும் இருக்கும். அது என் பாடு. டெஸ்ட்டு எடுத்து இல்லைன்னு வந்தாலும் நான் காட்ட மாட்டேன். காட்டிட்டா அடுத்த மாசமும் கேப்பாக."

பக்கத்தில் ராஜம்மா, "பாத்தியாம்மா வாய? ஒண்ணும் இல்லன்னா காட்றதுக்கு இன்னா வந்துச்சு?" என்றாள்.

அந்தப் பிள்ளை ராஜம்மாவைத் திரும்பிப் பார்த்து, "ஒங்க பீரோல ஒண்ணும் இல்லைலா அக்கா? தெறந்து காட்டுங்களேன்" என்றாள்.

ராஜம்மா தன்னையறியாமல் இடுப்புச் சாவியைத் தொட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராஜம்மாவும் முறைத்துவிட்டுச் சிரித்தாள். ஆனால் அது சிரிப்போடு முடிகிற விஷயம் இல்லை என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் நான் உனக்குப் போன் செய்தேன். நீ ஒரு கேள்வி கேட்டாய். "ஊசி போட்டாத்தான் உள்ள வரணும்னு ஹாஸ்டல் வாசல்ல நின்னு சொன்னது யாரும்மா? அப்ப அவங்க உடம்பு அவங்களோடது இல்லியா? எனுக்கு ஒரு நியாயம், உனுக்கு ஒரு நியாயமா?" நான் போனை வைத்துவிட்டேன். நீ என்னைச் சரியான இடத்தில் பிடித்திருந்தாய். அடுத்த நாள் முழுவதும், காய்கறி வண்டி வந்து நின்றபோதும், கேஸ் ஆளோடு பேசியபோதும், அந்தக் கேள்வியைத்தான் மென்றுகொண்டிருந்தேன். எனக்குப் பிடித்த கட்டாயம் நல்ல கட்டாயம், உனக்குப் பிடித்த கட்டாயம் கெட்ட கட்டாயம் என்று சொன்னால் அது நியாயம் இல்லை, வெறும் விருப்பம். மண்டியில் வாங்குவதற்கு ஒரு தராசும் விற்பதற்கு ஒரு தராசும் வைத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு உள்ளூர எந்த உறுத்தலும் இருக்காது. இரண்டு தராசும் சரியாகத்தான் இருக்கிறது என்று நிஜமாகவே நம்புவார்கள். நானும் அப்படி ஆகிவிட்டேனா என்று பார்க்க வேண்டியிருந்தது.

பார்த்தேன். எனக்குக் கிடைத்த பதிலைச் சொல்கிறேன், நீ தட்டிப் பார். கொரோனாவில் ஒருத்தி இருமினால் அந்த அறையில் படுத்திருக்கிற அத்தனை பேருக்கும் வரும். அவர்கள் அந்த இருமலைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆகவே அங்கே மற்றவர்களுக்காக ஏதாவது கேட்க எனக்கு நியாயம் இருந்தது. முத்துலட்சுமி வயிற்றில் இருப்பதோ இல்லாததோ பக்கத்துக் கட்டிலுக்குப் போகாது. ஆனால் இதோடு நிறுத்தினால் எனக்கு வசதியாகப் போய்விடும். நியாயமான காரணம் இருந்தாலும் கேட்கிற விதம் ஒன்று இருக்கிறது. ஊசிக்குப் பயந்த ஒரு பிள்ளையை முதலில் வாசலிலேயே நிறுத்திவிட்டு, ராஜம்மா சொல்லித்தான் மேலே தனி அறையும் தனிச் சாப்பாடும் கொடுத்தேன். அதை முதலிலேயே கொடுத்திருக்க வேண்டும். மறுக்கிறவளுக்கு வேறு வழி வைக்காமல் கேட்டால் அது கேட்பது இல்லை, பிடுங்குவது. அந்த ஒரு பாதியில் நீ சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். இனி நீ உன் பாதியைப் பார்.

பதிவு, சோதனை, அரசாங்கம் என்பதெல்லாம் எனக்கும் கசப்புதான். எத்தனை படி ஏறி இறங்கியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் மாடிப்படியை அளக்க வந்தால் அளக்கட்டும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். தீப்பிடித்தால் அந்தப் படியில் ஓடப்போவது நீயும் நானும் இல்லை. சமையலறைத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்க்கிற அதிகாரம் அந்தப் பிள்ளைகளுக்கு இல்லை. அவர்களுக்காக யாராவது பார்க்க வேண்டும். அரசாங்கம் கட்டடத்தைக் கேட்கிறது, நீ உடம்பைக் கேட்கிறாய். இரண்டில் எது பெரிய தலையீடு என்று உன்னையே கேட்டுக்கொள். நாளைக்கு அரசாங்கமே வந்து, விடுதிப் பெண்கள் எல்லாரையும் நாங்கள் பரிசோதிப்போம் என்றால் நீ எதிர்ப்பாயா? எதிர்ப்பாய் என்றுதான் நினைக்கிறேன். அவர்கள் செய்தால் அநியாயம், நாம் செய்தால் நிர்வாகம் என்று ஆகிவிடக் கூடாது. உன் சட்டத்தைச் சொல்லும்போது அதில் "பெண்கள்" என்று வருகிற இடத்தில் "நான்" என்று போட்டு ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார். நாக்கு சரியாகப் புரண்டால் வைத்துக்கொள். தடுக்கினால் எடுத்துவிடு.

நீ பயந்துதான் இதைச் செய்தாய் என்பதும் எனக்குத் தெரியும். முன்பு ஒரு பெண்ணின் அண்ணன்கள் வந்து கேட்டில் நின்று கத்தினார்களே, "எங்க பொண்ணை இன்னா லட்சணத்துல வச்சிருக்கீங்க" என்று. அப்போது நீ எனக்கு முன்னால் வந்து நின்றாய். அந்தப் பயம் உன்னை விட்டுப் போகவில்லை. பெண்களுக்கு ஏதாவது ஆனால் நம் தலையில்தான் விழும் என்கிறாய். விழும், மறுக்கவில்லை. ஆனால் வியாபாரக் கண்ணோடு பார்த்தால்கூட உன் சட்டம் நஷ்டம்தான். சொன்னால் துரத்திவிடுவார்கள் என்று தெரிந்தால் ஒருத்தி என்ன செய்வாள்? மறைப்பாள். வயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டே வேலை செய்வாள், எங்கேயாவது போலி டாக்டரிடம் போவாள், ஒரு நாள் கம்பெனி லைனில் மயங்கி விழுவாள். துரத்த மாட்டார்கள் என்று தெரிந்தால் ராஜம்மாவிடமோ என்னிடமோ வந்து சொல்வாள். டாக்டரிடம் கூட்டிப்போகலாம், கம்பெனியில் உட்கார்ந்து செய்கிற வேலை கேட்கலாம். பிள்ளையைப் பெற்றுக்கொள்வதா வேண்டாமா என்று அவளும் டாக்டரும் பேசிக்கொள்ளட்டும், அங்கே நமக்கு நாற்காலி இல்லை. நீ தடுக்க நினைக்கிற ஆபத்தை உன் சட்டமே சமைத்துப் பரிமாறுகிறது.

உன் மேல் எனக்கு நம்பிக்கை இருப்பதற்குக் காரணம் ஒன்று உண்டு. படித்து முடித்ததும் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று போனாய். இங்கிலீஷ் பரீட்சை, இன்டர்வியூ எல்லாம் தாண்டி மெடிக்கல் டெஸ்டுக்குக் கூப்பிட்டார்கள். பையன்களை வரிசையாகச் சட்டையைக் கழற்றி நிற்கவைத்து, குனியச் சொல்லி, திரும்பச் சொல்லி, ஒருவனை எல்லார் எதிரிலும் அவன் முதுகுத் தழும்புக்குக் காரணம் கேட்டார்களாம். அவன் சொல்ல முடியாமல் நின்றானாம். நீ வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்கவில்லை. "போச்சம்பள்ளி சந்தைல மாட்டுக்குப் பல்லைப் புடிச்சிப் பாப்பாங்களேம்மா, அப்படி" என்றாய். "வேலை குடுக்கறான்னா ஆளையே வாங்கிட்டானா?" என்றாய். அந்த வேலைக்கு நீ போகவில்லை. நல்ல சம்பளம் போகிறதே என்று நான் திட்டினேன். இப்போது சொல்கிறேன், அன்றைக்கு நீ சொன்னது சரி. அந்த வரிசையில் நின்றவன் நீதான். இன்றைக்கு வரிசையை நிற்கவைக்கிற இடத்துக்கு வந்திருக்கிறாய், அவ்வளவுதான் வித்தியாசம். அங்கே இருந்து பார்க்கும்போது கண் கொஞ்சம் மங்கத்தான் செய்யும். எனக்கும் மங்கியது.

நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். நாப்கின் பாக்கெட்டுகளை ராஜம்மா அறையிலிருந்து எடுத்து, ஒவ்வொரு மாடியிலும் குளியலறைக்கு வெளியே திறந்த அலமாரியில் வைத்துவிட்டேன். யாரும் யாரையும் கேட்க வேண்டாம். "ஒருத்தியே நாலு எடுத்துட்டா?" என்றாள் ராஜம்மா. "எடுத்துட்டுப் போவட்டும், நீ கணக்குப் பாக்காத" என்றேன். "அப்ப நான் இனிமே இன்னாத்த பாக்கறது?" என்று கோபித்துக்கொண்டாள். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். முத்துலட்சுமியிடம், "நீ இரு, டெஸ்ட் வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். இதை உன்னிடம் விடவில்லை. விடுதி இந்த மாதம் இன்னும் என்னுடையது, அவள் உடம்பு எந்த மாதமும் அவளுடையது. அவள் எனக்கு நன்றி சொல்லவில்லை. "அப்பம் மாடில ஜன்னலோரக் கட்டில் காலியா இருக்குலா, நான் மாறிக்கிடட்டா?" என்று கேட்டாள். பயந்துபோன பிள்ளை கட்டில் மாற்றிக் கேட்காது. நாளைக்கும் இங்கே இருப்போம் என்று நம்புகிறவள்தான் கேட்பாள். கொடுத்துவிட்டேன். ராஜம்மா சொன்ன விஷயம் உண்மையா இல்லையா என்று நான் கேட்கவில்லை. எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருக்கிறது, மனுஷிதானே. ஆனாலும் கேட்க மாட்டேன்.

நீ மாட்டிய சட்டத்தை நான் எடுக்கவில்லை. அதற்கு முத்துலட்சுமி விஷயத்தில் இனி வேலை இல்லை. அடுத்து வருகிறவர்களுக்கு அது வேண்டுமா என்பது அடுத்த மாதம் முதல் நடத்தப்போகிறவன் முடிவு. எடுத்தால்தான் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவேன் என்றும் சொல்ல மாட்டேன். கழுத்தைப் பிடித்துச் சொல்லவைத்த நியாயம், பிடியை விட்டதும் கழன்றுவிடும். நீ என்ன செய்தாலும் திங்கட்கிழமை பதிவு அலுவலகத்துக்கு நான் வருவேன்.

ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் வா. களியும் கீரைக் கடைசலும் செய்துவைக்கிறேன். முத்துலட்சுமிக்கு அன்றைக்குக் காலை ஷிப்ட். கம்பெனி பஸ் சாயங்காலத்துக்குள் வந்துவிடும். கீழேயே நின்று அவளிடம் பேசு. ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு உட்கார்ந்துகொண்டு பேசாதே. நீளமாக விளக்கம் வேண்டாம், உன் பயத்தையெல்லாம் அவளிடம் இறக்கிவைக்க வேண்டாம். "நான் கேட்டது தப்பும்மா" என்று சொன்னால் போதும். அவள் சரி என்று சொல்வாள் என்று எதிர்பார்த்து நிற்காதே. ஒன்றும் சொல்லாமல் உன்னைத் தாண்டி மாடிக்கு ஏறிப் போனாலும் போகட்டும், வழி விட்டு நில்.

அம்மா